வாசகர் கேள்வி பதில்: பள்ளியில் ஊடக வகுப்பு

கலிபோர்னியாவின் உயர்நிலைப் பள்ளிகளில் நடக்கும் டிஜிட்டல் ஊடக வகுப்புகள் பற்றிப் பெற்றோரிடமிருந்தும் மாணவர்களிடமிருந்தும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு முடிக்கிறான். அடுத்த ஆண்டு கூடுதலாக ஓர் அறிவியல் பாடம் எடுப்பான் என்று நாங்கள் எண்ணியிருக்க, அவனோ டிஜிட்டல் ஊடக வகுப்பில் சேரப் போவதாகச் சொல்கிறான். கல்லூரி விண்ணப்பத்தில் இதற்கு மதிப்பு உண்டா, அல்லது இது வெறும் பொழுதுபோக்கு வகுப்பா?
– ஒரு தாய், ஃப்ரீமான்ட்

பதில்: மதிப்பு உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகம் தன்னிடம் விண்ணப்பிப்பவர்கள் ஏ முதல் ஜி வரையிலான பிரிவுகளில் ஓராண்டுப் பாடங்கள் 15 முடித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. அவற்றுள் எஃப் என்பது காட்சிக் கலை, நிகழ்த்து கலைகளுக்கான பிரிவு. பல பள்ளிகளின் திரைப்பட, அசைவூட்ட (அனிமேஷன்), டிஜிட்டல் ஊடகப் பாடங்கள் இந்தப் பிரிவில் ஏற்கப்பட்டுள்ளன. ஆனால் யாரோ சொன்னார்கள் என்று நம்பிவிடாதீர்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் ஏற்கப்பட்ட பாடங்களின் பட்டியலைப் பல்கலைக்கழகமே இணையத்தில் வெளியிட்டிருக்கிறது. மகனின் பள்ளிப் பெயரை இட்டு, அந்தப் பாடம் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சி அல்லது அதற்கு மேற்பட்ட தரம் பெற்றால்தான் பாடம் கணக்கில் சேரும்.

சில இடங்களில் இது ஒரு பாடமாக நின்றுவிடுவதில்லை. மவுன்டன் வியூ–லாஸ் ஆல்டோஸ் பள்ளி மாவட்டத்தின் ஃப்ரீஸ்டைல் அகாடமியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் நாளின் ஒரு பகுதியைக் கழிக்கிறார்கள். திரைப்படம், அசைவூட்டம், வடிவமைப்பு ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதனுடன் ஆங்கிலத்தையும் சேர்த்துப் படிக்கிறார்கள்.

பொழுதுபோக்கா என்ற கேள்விக்கு அசைவூட்டத்திலிருந்து ஒரு சிறு கணக்கைச் சொல்கிறேன். திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள், அதாவது தனித்தனிப் படங்கள், ஓடுகின்றன. ஒரே ஓவியத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்திச் சிக்கனம் செய்தாலும் நொடிக்கு 12 ஓவியங்கள் வேண்டும். ஒரு பூனை பத்து நொடி நடக்க வேண்டுமானால், நடையை அப்படியே திரும்ப ஓடவிடாத வரை, 120 ஓவியங்கள். பத்தாவது ஓவியத்திலேயே சலித்துவிடும் பிள்ளை யார், நூறாவதில் வாலின் வளைவைத் திருத்தும் பிள்ளை யார் என்பது முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். மகன் எந்தப் பக்கம் என்று கண்டுகொள்ள ஓராண்டு செலவழிப்பதை வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: ஐந்து நிமிட ஆவணப்படம் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் என் பாட்டியைப் பேட்டி எடுத்தேன். அவர் இளவயதில் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். பின்னணியில் ஓர் இரைச்சல் ஓடுகிறது. பாட்டியோ எதைக் கேட்டாலும் "ஆமாம்", "அதெல்லாம் அப்போது" என்று முடித்துவிடுகிறார். மறுபடியும் எடுக்கச் சொல்கிறார் ஆசிரியர். மென்பொருளால் சரிசெய்ய முடியாதா?
– பதினோராம் வகுப்பு மாணவி, சான் ஹோசே

பதில்: ஆசிரியர் சொன்னதையே நானும் சொல்கிறேன், மறுபடியும் எடுங்கள். படம் சற்று மங்கலாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், பேச்சு புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார். இரைச்சலை நீக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் அளவுக்கு மீறி நீக்கினால் பாட்டியின் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

நீங்கள் அனுப்பிய விவரத்தைப் பார்த்தால் பேட்டி நடந்தது சமையலறையில். அந்த இரைச்சல் பெரும்பாலும் குளிர்சாதனப் பெட்டியுடையது. அடுத்த முறை படுக்கையறைக்குப் போய்விடுங்கள். மெத்தையும் திரைச்சீலையும் துணி அலமாரியும் எதிரொலியை விழுங்கிக்கொள்ளும். சமையலறைதான் வேண்டுமென்றால் பெட்டியை அணைத்துவிட்டு, வீட்டுக் காரின் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். படப்பிடிப்புக்காரர்களின் பழைய தந்திரம் இது: சாவி இல்லாமல் யாரும் வெளியே கிளம்ப முடியாது, ஆகவே பெட்டியை மறுபடியும் போட மறக்கவும் முடியாது. (தயிர் புளித்துப் போய் அம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொண்ட மாணவர் ஒருவரை எனக்குத் தெரியும்.) சட்டைக் காலரில் மாட்டும் மைக்கைப் பாட்டியின் புடவைத் தலைப்பில் மாட்டாதீர்கள், தலைப்பை இழுத்துவிடும்போதெல்லாம் உரசும், ரவிக்கையின் தோள் ஓரத்தில் மாட்டி, வளையல் ஒலிக்கிறதா என்று ஹெட்போனில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அறையின் வெறும் ஒலியை ஒரு நிமிடம் பதிவுசெய்யுங்கள். தொகுக்கும்போது வெட்டிய இடங்களை மூட அது வேண்டியிருக்கும்.

ஒற்றைச் சொல் பதில்களுக்குக் காரணம் பாட்டி அல்ல, கேள்வி. "தந்தி அலுவலகத்தில் வேலை கடினமாக இருந்ததா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார். "காலையில் உள்ளே நுழைந்ததும் முதலில் எதைச் செய்வீர்கள்?" என்று கேட்டுவிட்டு, அடுத்த கேள்விக்கு அவசரப்படாமல் காத்திருங்கள். இன்னொன்றும் செய்யலாம். தந்தி அனுப்பப் பயன்பட்ட மோர்ஸ் குறியீடு அவருக்குத் தெரிந்திருந்தால் உங்கள் பெயரை மேசையில் தட்டிக் காட்டச் சொல்லி, விரலை மட்டும் அண்மையில் படமெடுங்கள். இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது என்ற செய்தியைத் திரையில் எழுதி, அதன் பின்னணியில் அந்தத் தட்டல் ஒலி மட்டும் கேட்கட்டும். விவரணைக் குரல் அங்கே தேவையே இல்லை.

சென்னையில் இருக்கும் பெரியப்பாவின் தொலைபேசிப் பேச்சை அவருக்குத் தெரியாமல் பதிவுசெய்து சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. அந்தரங்கமான உரையாடலைப் பதிவுசெய்யப் பேசுபவர்கள் அனைவரின் சம்மதமும் வேண்டும் என்பது கலிபோர்னியச் சட்டம். கேட்டுவிட்டே பதிவுசெய்யுங்கள், பெரியப்பாக்கள் பொதுவாக மறுப்பதில்லை, நிறுத்துவதுதான் கடினம்.

கேள்வி: இந்த வகுப்புக்காக விலை உயர்ந்த மடிக்கணினி வாங்க வேண்டுமா?
– ஒரு தந்தை, டப்ளின்

பதில்: முதல் ஆண்டில் வேண்டாம். கனமான வேலைக்குப் பெரும்பாலும் பள்ளியின் கணினிக்கூடமே போதும். வீட்டுப் பயிற்சிக்கு பிளெண்டர் என்ற அசைவூட்ட மென்பொருள் முற்றிலும் இலவசம், படத்தொகுப்புக்கான டாவின்சி ரிசால்வுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. காதை முழுவதும் மூடும் நல்ல ஹெட்போன் ஒன்றும், கோப்புகளை இரண்டாவது பிரதியாக வைத்துக்கொள்ள வெளி வன்தட்டு ஒன்றும் வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: என் குறும்படத்துக்குத் தமிழில் தலைப்பு வைத்தேன். "கொலு" என்று தட்டினால் கொம்பு எழுத்துக்கு வலப்பக்கம் போய் நிற்கிறது, சில எழுத்துருக்களில் வெறும் கட்டங்கள்தான் வருகின்றன. வகுப்பில் யாருக்கும் தமிழ் தெரியாது.
– மாணவர், சன்னிவேல்

பதில்: கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுத் தரமான யூனிகோடில் "கொ" என்பது முதலில் க, அதன் பின் ஒகரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை இடப்பக்கமும் துணைக்காலை வலப்பக்கமும் பிரித்து வைப்பது, திரையில் எழுத்தை வரையும் நிரலின் வேலை. அந்த வேலையை அறியாத நிரலில் எழுத்து சிதறிவிடும். வெறும் கட்டம் வருவது வேறு கோளாறு; நீங்கள் தேர்ந்த எழுத்துருவில் தமிழே இல்லை என்று பொருள். அதற்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச யூனிகோடு எழுத்துருவை நிறுவிக்கொள்ளுங்கள். கொம்பு சிதறுவதற்கு, அடோபி மென்பொருளானால் அமைப்புகளில் எழுத்து தொடர்பான பகுதிக்குப் போய், தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை இயக்கிவிட்டு, மென்பொருளை மூடித் திறந்து பாருங்கள்.

அதற்கும் வசப்படவில்லை என்றால் தமிழைச் சரியாகக் காட்டும் வேறொரு மென்பொருளில் தலைப்பை எழுதி, பின்புலம் இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து ஒட்டிவிடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவை யாராவது தந்தால் வாங்காதீர்கள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியவை அவை. உங்கள் திரையில் அழகாகத் தெரியும் வசனவரிகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும்.

கேள்வி: மகளின் வகுப்புப் படத்தில் ஒரு திரைப்பாடல் இருபது நொடி வருகிறது. முப்பது நொடிக்குள் என்றால் பயன்படுத்தலாம் என்கிறாள். சரியா?
– ஒரு தாய், கூப்பர்டினோ

பதில்: அப்படியொரு முப்பது நொடி விதி அமெரிக்கச் சட்டத்தில் இல்லை. அனுமதி இல்லாமலே எடுத்தாளச் சட்டம் இடம் தரும் நியாயமான பயன்பாடு என்பதற்குப் பயன்பாட்டின் நோக்கம், மூலப் படைப்பின் தன்மை, எடுத்துக்கொண்ட அளவு, சந்தையில் அதன் விளைவு ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஒரு பாடலின் இசையை விமர்சிக்க அதைச் சிறிது ஒலிக்கவிடுவது ஒன்று. சோகக் காட்சிக்குப் பொருத்தமாக இருக்கிறதே என்று பின்னணியில் ஓடவிடுவது முற்றிலும் வேறு. வகுப்பறைக்குள் காட்டும்வரை பெரிதாகத் தொல்லை வராது. இணையத்தில் ஏற்றும்போதும் போட்டிக்கு அனுப்பும்போதும்தான் படம் ஒலியிழந்து நிற்கும்.

திரைப்பாடலுக்குப் பதிலாக ஒரு பழைய கீர்த்தனையை வைக்கலாம். தியாகராஜர் மறைந்தது 1847இல். அவருடைய கீர்த்தனைகளுக்குக் காப்புரிமை இல்லை. ஆனால் இன்றைய வித்துவான் ஒருவர் பாடிய ஒலிப்பதிவுக்கு உண்டு, இந்த வேறுபாட்டைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். உங்கள் ஊரில் வீணையோ வயலினோ கற்கும் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. மகளின் தோழி ஒருத்தி அந்தக் கீர்த்தனைகளில் ஒன்றை வாசித்துப் பதிவுசெய்து தரட்டும். அவள் பதினெட்டு வயது நிரம்பாதவள் என்பதால் பெற்றோரிடம் ஒரு பக்க ஒப்புதல் கடிதம் வாங்கி, படத்தின் முடிவில் அவள் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் போடச் சொல்லுங்கள்.