நவம்பரில் இராயபுரம் வரலாமா?

வயதான பெற்றோருடன் நவம்பர் மூன்றாம் வாரத்தில் வடசென்னையிலுள்ள இராயபுரத்துக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயணத்தை ஜனவரி இறுதிக்கு மாற்றிவிடுங்கள். மழைக்கு அஞ்சியே ஆகஸ்டைத் தவிர்த்து நவம்பரைத் தேர்ந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் சென்னையில் பொதுவாக ஆண்டிலேயே மிகுதியாக மழை பெய்யும் மாதம் நவம்பர்தான்.

நீங்கள் பார்த்தது இந்தியா முழுமைக்குமான பருவ அட்டவணையாக இருக்கக்கூடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தைப் பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துக்கொள்வதால், அக்காலத்தில் நமக்கு அவ்வப்போது மாலை நேர இடிமழைதான் கிடைக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குக் காற்றோ வங்கக் கடலின் ஈரத்தை நேராக இக்கரையில் கொண்டுவந்து கொட்டுகிறது.

நீங்கள் பெற்றோருடன் வருவதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இராயபுரத்துக்கு அருகிலுள்ள வியாசர்பாடியும் புளியந்தோப்பும் தாழ்வான பகுதிகள். அங்குள்ள கணேசபுரம் சுரங்கப்பாதையில் நீர் நிறைந்துவிட்டால் நெடுந்தொலைவு சுற்றித்தான் செல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் பல தெருக்களில் நாள்கணக்கில் நீர் வடியவில்லை.

பயணச்சீட்டை மாற்ற இயலாதெனில், கைப்பேசிச் செயலி காட்டும் பத்து நாள் மழைப்படத்தை நம்பாமல், புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பிருந்து சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைப் பாருங்கள். தென்மேற்கு வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகி, மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாமென அறிவித்திருந்தால் பயணத்தைத் தள்ளிவைத்துவிடுங்கள்.

சில ஆண்டுகளில் மழை பொங்கல் வரை நீள்வதுண்டு. 2021 ஜனவரித் தொடக்கத்திலும் இங்கே கனமழை பெய்தது. ஆகவேதான் மாத இறுதியைச் சொன்னேன்.