அப்பாவிடம் காட்ட ஒரு விருது

கேள்வி: எனக்கு 24 வயது. தாராவியில் பிறந்து வளர்ந்தவன், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ஹிப் ஹாப் என்றால் எனக்கு உயிர். அமெரிக்க ராப்பர் கென்ட்ரிக் லமாரின் 'குட் கிட், மேட் சிட்டி' ஆல்பம் இல்லையென்றால் நான் எந்த வழியில் போயிருப்பேனோ தெரியாது. ஒவ்வொரு வருடமும் அமெரிக்க இசை விருதான கிராமியின் முடிவுகளை லைவாகப் பார்க்கிறேன். நம் ஊரில் அது திங்கட்கிழமை காலை. பார்த்துவிட்டு அந்த வாரம் முழுக்க எரிச்சலோடு திரிகிறேன். இந்த முறை, "பாப் ஆல்பத்துக்குக் கொடுத்ததுதான் சரி" என்று சொன்ன நெருங்கிய நண்பனிடம் "உனக்கெல்லாம் இசையைப் பற்றி என்ன தெரியும்?" என்று கத்திவிட்டேன். அதிலிருந்து பேச்சே இல்லை. தோல் பட்டறையில் வேலை பார்க்கும் அப்பாவோ, "அமெரிக்காவுல எவனுக்கோ பரிசு கிடைக்கலைன்னா உனக்கு என்னடா? இதெல்லாம் ஒரு பாட்டா?" என்கிறார். விருது விழாக்களைப் பார்ப்பதையே நிறுத்திவிடவா? இல்லை, எனக்குத்தான் பைத்தியமா?

– பெயர் வேண்டாம், தாராவி, மும்பை

பதில்: அன்புத் தம்பி, உங்களுக்குப் பைத்தியம் இல்லை. நம்மைக் கைதூக்கிவிட்ட ஒரு இசையை ஊர் பார்க்க ஒதுக்கி வைத்தால் கோபம் வரத்தான் செய்யும். உங்கள் கோபத்துக்கு ஆதாரமும் நிறையவே இருக்கிறது.

கிராமியில், ஹிப் ஹாப்பில் தாளத்தோடு பேச்சாகப் பாடும் ராப்புக்கென்று ஒரு விருது வந்ததே 1989-ல்தான். டிஜே ஜாஸி ஜெஃப், வில் ஸ்மித் ஜோடிக்கு அது கிடைத்தது. ஆனால் அந்த விருது கொடுப்பதைத் தொலைக்காட்சியில் காட்ட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் ஜெயித்தவர்களே விழாவுக்குப் போகவில்லை. சிறந்த ராப் ஆல்பம் என்ற பிரிவு 1996-ல் வந்தது. 'ஆண்டின் சிறந்த ஆல்பம்' என்ற பெரிய விருதை 1999-ல் லாரின் ஹில் வாங்கினார், 2004-ல் அவுட்காஸ்ட் வாங்கியது. ஹிப் ஹாப் ரசிகர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பெருமைப்படுவது இந்த இரண்டைத்தான். பெரிய ராப்பர்களில் டூபாக்குக்கு ஒரு கிராமிகூட இல்லை. நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.க்கும் இல்லை. நாஸ் 1994-ல் 'இல்மாடிக்' கொடுத்தார். அதைக் கேட்டு ராப் எழுதக் கற்றுக்கொண்டவர்கள் ஒரு தலைமுறையே உண்டு. அவர் கைக்கு முதல் கிராமி வந்தது 2021-ல், வேறொரு ஆல்பத்துக்காக!

உங்கள் ஆள் கதைக்கு வருவோம். 2014 விழாவில் கென்ட்ரிக் பெயர் போட்டிப் பட்டியலில் 7 இடங்களில் இருந்தது, ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ராப் ஆல்பம் விருது மேக்லமோர், ரயன் லூயிஸ் ஜோடிக்குப் போனது. மேக்லமோரே அன்றிரவு கென்ட்ரிக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, ஜெயித்திருக்க வேண்டியவர் நீங்கள்தான் என்று சொன்னார். 2016-ல் ஆண்டின் சிறந்த ஆல்பம் டெய்லர் ஸ்விஃப்டுக்கு, 2018-ல் புருனோ மார்ஸுக்கு. இரண்டு முறையும் போட்டியில் கென்ட்ரிக் இருந்தார். 2018-ல் அந்தப் பெரிய விருதைத் தவறவிட்ட 'டேம்' ஆல்பத்துக்கு மூன்று மாதத்துக்குள்ளேயே அமெரிக்காவின் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதுவரை அந்த இசைப் பரிசு கிளாசிக்கல், ஜாஸ் தாண்டிப் போனதே இல்லை. ஒரே ஆல்பத்துக்கு ஒரு கூட்டம் கதவைச் சாத்துகிறது, இன்னொரு கூட்டம் நாட்டின் பெரிய மரியாதையைக் கொடுக்கிறது. ஆல்பத்தில் ஒரு வரிகூட மாறவில்லை.

அப்படியென்றால் மாறியது என்ன? தீர்ப்பு சொன்ன ஆட்கள். கிராமிக்கு ஓட்டுப் போடுவது, அந்த விருதை வழங்கும் ரெக்கார்டிங் அகாடமி என்ற அமைப்பின் உறுப்பினர்கள். பாடகர்கள், வாத்தியக் கலைஞர்கள், பாடலாசிரியர்கள், தயாரிப்பாளர்கள், ஒலிப்பதிவாளர்கள் என்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். நீங்களும் நானும் அதில் கிடையாது. ராப், ஜாஸ், கன்ட்ரி மாதிரியான தனித்தனி வகைகளில் ஒருவர் அதிகபட்சம் 3 துறைகளில் 10 பிரிவுகளுக்குத்தான் ஓட்டுப் போடலாம். ஆனால் ஆண்டின் சிறந்த ஆல்பம் போன்ற பொதுப் பிரிவுகளில் எல்லோரும் போடலாம். வாழ்நாளெல்லாம் வயலின் வாசித்தவரும், கன்ட்ரி பாட்டுக்கு கிடார் வாசிப்பவரும் அந்த ஓட்டில் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் ஒரு ராப் ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை உட்கார்ந்து கேட்டிருப்பார்கள்? காதில் அடிக்கடி விழுந்த பெயருக்கு ஓட்டுப் போடுவது மனித இயல்பு. அந்த முடிவை நீங்கள் 'இதுதான் உயர்ந்த இசை' என்ற தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறீர்கள். அதனால்தான் ஒரு வாரம் தூக்கம் கெடுகிறது. அந்த வருடம் அந்த உறுப்பினர்களுக்கு எது பழக்கமாக இருந்தது என்ற தகவலுக்கு மேல் அதில் எதுவும் இல்லை, தம்பி.

இதை நீங்கள் முழுசாக நம்ப, உங்கள் பக்கம் ஜெயித்த ஒரு ராத்திரியையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2020 பிப்ரவரி, குவாஹாட்டியில் நடந்த ஃபிலிம்ஃபேர் இந்தி சினிமா விருது விழா. உங்கள் தாராவியில் நடக்கும் ராப்பர் கதையான 'கல்லி பாய்' படம் 13 விருதுகளை அள்ளியது. சிறந்த பாடல் வரிகளுக்கான விருது 'அப்னா டைம் ஆயேகா' பாட்டுக்கு. எழுதிய டிவைனும் அங்குர் திவாரியும் வாங்கினார்கள். அந்தேரி சந்துகளில் வளர்ந்த ஒரு ராப்பர், இந்தி சினிமாவின் பாடலாசிரியர் வரிசையில் போய் நின்றார். நீங்கள் அன்றைக்குக் கொண்டாடியிருப்பீர்கள். கொண்டாட வேண்டிய விஷயம்தான். மும்பைத் தெருவில் பேசுகிற பேச்சையே பாட்டாக்கிய வரிகள் அவை, அந்த விருதுக்கு முழுத் தகுதி உண்டு என்பதுதான் என் கருத்தும். ஆனால் அதே இரவு, 'கேசரி' படத்தின் 'தேரி மிட்டி' பாட்டுக்குக் கிடைக்கவில்லையே என்று நாடு முழுக்க ஒரு கூட்டம் கொதித்தது. அதை எழுதிய மனோஜ் முந்தஷிர் இனி எந்த விருது விழாவுக்கும் வரமாட்டேன் என்று அறிவித்தார். அந்தக் கூட்டம் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? உங்கள் அப்பா கேட்டதேதான். இதெல்லாம் ஒரு பாட்டா என்று.

இப்போது அப்பாவைப் பற்றி. உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: உங்களுக்கு உண்மையில் வலிப்பது அமெரிக்காவில் நடக்கிற ஓட்டு இல்லை. அந்த ஆல்பத்துக்கு ஒரு பெரிய விருது கிடைத்திருந்தால், "பாருங்கப்பா, உலகமே ஒத்துக்கொண்டது" என்று அவர் முன்னால் வைத்திருக்கலாம். ஒவ்வொரு வருடமும் நீங்கள் எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது அந்தச் சாட்சிக்காக என்று நினைக்கிறேன். நான் தப்பாகச் சொன்னால் மன்னியுங்கள். சரியென்றால், அந்த வேலைக்கு கிராமி தேவையே இல்லை.

விருதைக் காட்டி அவரை மாற்ற முடியாது. நாளைக்கே கென்ட்ரிக்கு அந்தச் சிறந்த ஆல்பம் விருது கிடைத்தாலும் "அமெரிக்காக்காரனுக்கு அமெரிக்காக்காரன் கொடுத்தான்" என்பார். அவரை உட்கார வைத்துக் கேட்க வைக்க வேண்டும். 'காலா'விலிருந்து ஆரம்பியுங்கள். 2018-ல் வந்த ரஜினி படம், கதை நடப்பது தாராவியில், அதில் ராப் பாடியிருப்பது தாராவியின் டோப்படெலிக்ஸ் குழு. ரஜினிக்காக அவர் எத்தனையோ முறை கேட்டிருக்கக்கூடிய பாட்டு. பாடியவர்கள் நம் பக்கத்துப் பையன்கள் என்று சொல்லுங்கள். திருநெல்வேலிச் சீமையில் கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த தலைமுறை அது. தாளத்தோடு கதை சொல்வது அவருக்குப் புதிதாக இருக்காது. பாஷையும் வேகமும்தான் தடுக்கிறது.

அப்புறம் உங்கள் 'குட் கிட், மேட் சிட்டி'. முழு ஆல்பத்தையும் போட்டு அவரைச் சோதிக்காதீர்கள். அதில் கென்ட்ரிக்கின் அம்மா அப்பா குரல் போன் செய்தியாக வரும், உங்களுக்கு நன்றாகத் தெரியும். வேனை எடுத்துக்கொண்டு போன பையன் இன்னும் வரவில்லையே என்று அம்மா கவலைப்படுவார். அப்பா தன் டோமினோ கட்டைகளைக் கேட்பார். அந்த இடங்களை மட்டும் போட்டுக் காட்டி, ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்லுங்கள். தப்பான சகவாசம், போலீஸ், துப்பாக்கி எல்லாம் சூழ்ந்த ஒரு பேட்டையில், வீட்டுக்குத் திரும்பாத பையனுக்காகக் காத்திருக்கும் பெற்றோர். பட்டறையிலிருந்து வந்து, "பையன் எங்கே?" என்று கேட்ட ராத்திரிகள் உங்கள் அப்பாவுக்கும் இருந்திருக்கும். எந்த வழியில் போயிருப்பேனோ என்று எனக்கு எழுதினீர்களே, அதை அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? அந்த ஆல்பம் உங்களை எதிலிருந்து இழுத்து வந்தது என்று தெரியாமல் அவர் எப்படி அதை மதிப்பார்? அன்றைக்கே அவருக்குப் பிடித்துவிடும் என்று நான் உறுதி சொல்லவில்லை. "என்னமோ போ" என்று எழுந்து போகலாம். போகட்டும், இன்னொரு நாள் திரும்பச் சொல்லுங்கள்.

விழாவைப் பார்ப்பதை நிறுத்த வேண்டாம். பிடித்தவர்கள் மேடையில் பாடுவதைப் பார்க்கும் சந்தோஷத்தை ஏன் விட வேண்டும்? முடிவு எப்படி வந்தாலும் நேராக வேலைக்குக் கிளம்புங்கள். ஆதங்கம் மிச்சமிருந்தால், அந்த ஆல்பம் ஏன் பெரியது என்று தமிழில் ரெண்டு பக்கம் எழுதுங்கள். ராப்பைப் பற்றித் தமிழில் அக்கறையாக எழுதுகிறவர்கள் இன்னும் குறைவு. நன்றாக வந்தால் எனக்கே அனுப்புங்கள், வெளியிட முடியுமா என்று ஆசிரியரிடம் கேட்கிறேன்.

நண்பர் விஷயத்தில் மட்டும் தப்பு உங்களுடையது. உங்களுக்கு இசையைப் பற்றி என்ன தெரியும் என்று வீட்டில் கேட்டால் எப்படி வலிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அதே கேள்வியை அவரிடம் கேட்டிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போங்கள். மன்னிப்பைக் கேட்டுவிட்டு, அந்த பாப் ஆல்பத்தில் அவருக்கு எது பிடித்தது என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும் வரை கிராமி பேச்சை எடுக்காதீர்கள்.