பெரிய பிரேக் போட்டால் கார் சீக்கிரம் நிற்குமா?

வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: என் பெட்ரோல் செடானுக்கு எட்டு வயது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், 15 அங்குல சக்கரம். மாதம் இரண்டு முறை குடும்பத்தோடு ஏற்காடு போய் வருகிறோம். போன முறை இறங்கும்போது கடைசி வளைவுகளில் பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக உள்ளே போனது, கருகிய வாடையும் அடித்தது. 300 மி.மீ. டிஸ்க்கும் நான்கு பிஸ்டன் காலிப்பரும் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) கொண்ட செட் போடச் சொல்கிறார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் ஆகுமாம். போடலாமா?
(வாசகர், சேலம்)

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறி டிஸ்க் சிறியது என்பதைக் காட்டவில்லை, பிரேக் ஆயில் கொதித்துவிட்டது என்பதைக் காட்டுகிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 (இது பிரேக் ஆயிலின் தர வகை) ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. அதில் 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். டாட் 3 என்றால் 205 டிகிரி 140 ஆகிவிடும். கொதித்த ஆயிலில் ஆவிக்குமிழ் உண்டாகிறது. பெடலை மிதிக்கும்போது உங்கள் கால் அந்தக் குமிழைத்தான் நசுக்குகிறது, அழுத்தம் பிஸ்டனுக்குப் போய்ச் சேர்வதில்லை. அதனால்தான் பெடல் உள்ளே போகிறது.

பெடல் கல்லாக இருந்தும் கார் நிற்காமல் நழுவினால் அது வேறு கோளாறு, பேட் (டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் பட்டை) சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கும். கருகிய வாடை வந்ததால் உங்கள் பேடும் அந்த எல்லையை நெருங்கியிருக்கிறது.

சக்கரத்தைப் பிடிப்பது பிரேக், காரை நிறுத்துவது டயர். 100 கி.மீ. வேகத்தில் டயரின் பிடிமானக் கெழு (டயர் சாலையைப் பற்றும் அளவு) 0.8 என்றால், பிரேக் பிடித்த கணத்திலிருந்து கார் நிற்க ஏறத்தாழ 49 மீட்டர் ஆகும். நல்ல டயரில் அது 1.0 ஆனால் 39 மீட்டர் போதும். மிச்சமாகும் 10 மீட்டரில் இரண்டு செடான்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தலாம். இந்தக் கணக்கில் டிஸ்க்கின் அளவு எங்கேயும் வரவில்லை, கவனியுங்கள். பின்னால் வண்டி எதுவும் வராத, காய்ந்த, நேரான சாலையில் 50 கி.மீ. வேகத்தில் முழு பலத்தோடு மிதித்துப் பாருங்கள். பெடல் காலடியில் படபடவென்று அதிர்ந்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்தால், டயர் தாங்குவதைவிட அதிகமான பலம் உங்கள் பிரேக்கில் ஏற்கெனவே இருக்கிறது என்று அர்த்தம்.

அப்படியானால் பெரிய டிஸ்க் எதற்கு? வெப்பத்துக்கு. ஆட்களோடு 1,500 கிலோ உள்ள கார் 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது சுமார் 580 கிலோஜூல் வெப்பம் உண்டாகும். அதே கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் 14,700 கிலோஜூல். அதாவது 100 கி.மீ. வேகத்திலிருந்து 25 தடவை அடுத்தடுத்து நின்றதற்குச் சமம். காற்றும் டயர் உருளலும் இதில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும். மிச்சத்தில் இன்ஜினுக்கு எவ்வளவு, பிரேக்குக்கு எவ்வளவு என்பது உங்கள் கையில் இருக்கிறது. ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்கள், கொண்டை ஊசி வளைவுகளுக்கு இரண்டாவது கியர். ஆட்டோமேட்டிக் என்றால் எல், 2 அல்லது மேனுவல் முறை. நியூட்ரலில் இறங்கவே கூடாது. வளைவுக்கு முன்பு அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிட வேண்டும். பெடலில் காலை லேசாக வைத்தபடியே இறங்கினால் பேடும் டிஸ்க்கும் ஆறவே வழியில்லை.

செட் போட்டால் வரும் சிக்கல்களையும் சொல்லிவிடுகிறோம். 300 மி.மீ. டிஸ்க்கும் அந்தக் காலிப்பரும் உங்கள் 15 அங்குல சக்கரத்துக்குள் அடங்காது, பெரும்பாலும் 17 அங்குலம் தேவைப்படும். ஸ்டெப்னி 15 அங்குலமாகவே இருக்கும். முன் டயர் பஞ்சரானால் ஸ்டெப்னி காலிப்பரில் இடிக்கும். மலைப்பாதையில் இரவு நேரத்தில் குடும்பத்தோடு அப்படி நிற்க நேர்ந்தால் என்ன செய்வீர்கள்?

அடுத்தது மாஸ்டர் சிலிண்டர், அதாவது பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் பகுதி. இப்போதுள்ள காலிப்பரில் 54 மி.மீ. ஒற்றை பிஸ்டன் என்றால் அதன் பரப்பு 22.9 சதுர செ.மீ. நான்கு பிஸ்டன் காலிப்பரில் ஒவ்வொன்றும் 42 மி.மீ. என்றால், ஒரு பக்கத்து இரண்டு பிஸ்டன்களின் பரப்பு 27.7. பேட் அதே தூரம் நகர சுமார் 21 சதவீதம் கூடுதல் ஆயிலைத் தள்ள வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் பழையதே என்பதால் பெடல் இன்னும் ஆழமாகப் போகும். நீங்கள் குறைப்பட்டதும் இதைத்தானே? தவிர, முன்பக்கம் மட்டும் பலம் கூடினால் முன் டயர்கள் சீக்கிரமே எல்லையைத் தொட்டு ஏபிஎஸ் குறுக்கிடும், பின் டிரம்கள் தங்கள் பங்கைச் செய்யாமலே இருந்துவிடும். நிற்கும் தூரம் கூடவும் வாய்ப்புண்டு. பந்தயத்துக்காகச் செய்யப்படும் சில காலிப்பர்களில் பிஸ்டனுக்குத் தூசி தடுக்கும் ரப்பர் உறையும் கிடையாது. நம் ஊர்ப் புழுதியிலும் மழைச் சேற்றிலும் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

இருங்காட்டுக்கோட்டையிலோ செட்டிப்பாளையத்திலோ பந்தயத் தடத்தில் ஓட்டுபவர், இன்ஜின் பலத்தைக் கூட்டியவர் இந்தச் செட்டைப் பற்றி யோசிக்கலாம். அவருக்குச் சுற்றுக்குச் சுற்று வெப்பம் ஏறும். அவர்களும் முன், பின் இரண்டையும் கணக்குப் பார்த்தே மாற்ற வேண்டும், காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

கேள்வி: பிரேக் ஆயில், பேட், டிரம் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சரிசெய்ய நினைக்கிறேன். மெக்கானிக் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: நல்ல முடிவு. சீல் உடைக்காத டாட் 4 ஒரு லிட்டர் வாங்குங்கள். பாதி மிஞ்சிய பழைய டப்பா வேண்டாம். டாட் 5 என்பது சிலிக்கான் ஆயில், அதை இதோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 வேறு, அது டாட் 4-ஓடு சேரும்.

முதலில் மாஸ்டர் சிலிண்டரின் மேலுள்ள டப்பாவிலிருக்கும் பழைய ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதை உங்கள் காரின் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். பல கார்களில் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்குவார்கள். ஆயிலை வெளியேற்றும் பிளீடர் நிப்பிளில் ஒளி ஊடுருவும் டியூப்பை மாட்டி, பெடலை மெதுவாக மிதித்து வைத்துக்கொண்டு, நிப்பிளைக் கால் சுற்று திறந்து, மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். முதலில் பால் விடாத டிக்காஷன் நிறத்தில் வரும். குமிழ் இல்லாமல் இளம் மஞ்சளாக வரும்வரை விடக் கூடாது. டப்பாவில் அளவு மினிமம் கோட்டுக்குக் கீழே போய்விட்டால் காற்று ஏறிவிடலாம், ஏறினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பழைய கார் என்றால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பெடலைத் தரைவரை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் சீல், இதுவரை தொடாத அழுக்கும் துருவும் படிந்த பகுதியில் உரசிக் கிழியும். ஆயில் மாற்றிய மறுவாரம் பெடல் மெல்ல மெல்ல உள்ளே இறங்குகிறது என்று வரும் வண்டிகளில் பலவற்றுக்கு இதுதான் காரணம். பெயின்ட்டில் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லையென்றால் பெயின்ட் உரிந்துவிடும்.

பேட் மாற்றும்போது காலிப்பரை ஹோஸில் தொங்கவிடக் கூடாது, கம்பியால் கட்டி வைக்க வேண்டும். காலிப்பர் நகர்ந்து செல்லும் கைடு பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும். சாதா கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பிப் பின் இறுகும், ஒரு பக்கப் பேட் மட்டும் தேயும். டிரம்மைக் கழற்றி பிரேக் கிளீனர் அடித்துத் துடைக்கட்டும், காற்றுப் பீய்ச்சித் தூசியைக் கிளப்ப வேண்டாம். வீல் சிலிண்டரின் ரப்பரை விலக்கிக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஷூவின் (டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் பட்டை) இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் துருவேறிச் சுற்றாமல் நின்றிருந்தால் ஷூ டிரம்மிலிருந்து விலகியே இருக்கும். ஆயில் புதிதாக இருந்தும் பெடல் ஆழமாகப் போக இதுவும் ஒரு காரணம்.

புதுப் பேடைப் பழக்க வேண்டும். 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை, எட்டு முதல் பத்து தடவை ஓரளவு அழுத்தமாகப் பிடியுங்கள். முழுசாக நிற்க வேண்டாம். பிறகு பத்து நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள்.

கேள்வி: துளை போட்ட டிஸ்க் நல்லதா?
(வாசகர், ஈரோடு)

பதில்: தெருவில் ஓட்டும் செடானுக்குத் தேவையில்லை. துளை போட்டால் வெப்பத்தை வாங்கும் உலோகம் குறைகிறது. தொடர்ந்து சூடேறி ஆறும்போது துளையின் ஓரத்திலிருந்து விரிசல் கிளம்பலாம்.

கேள்வி: 80 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் ஆடுகிறது. டிஸ்க் வளைந்துவிட்டது, கடைசல் பிடிக்க வேண்டும் என்கிறார்கள்.
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: டிஸ்க் உண்மையில் வளைவது அரிது. பெரும்பாலும் தடிமன்தான் இடத்துக்கு இடம் மாறியிருக்கும். நன்றாகச் சூடேறிய பிரேக்கோடு சிக்னலில் பெடலை அழுத்தியபடியே நின்றால் பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டாக ஒட்டும். அந்தத் திட்டு ஒவ்வொரு சுற்றிலும் பேடைத் தட்டும். இன்னொரு காரணம், டிஸ்க் உட்காரும் ஹப்பில் படிந்த துரு. டிஸ்க்கைக் கழற்றி ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, திரும்ப மாட்டி, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். பொதுவாக ஆட்டம் 0.05 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. வீல் நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்சால், கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் தாறுமாறாக முறுக்கினாலே டிஸ்க் கோணிவிடும்.

கடைசலுக்கு ஒப்புக்கொள்ளும் முன், டிஸ்க்கின் மேலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனைப் படியுங்கள். மைக்ரோமீட்டரால் எட்டு இடங்களில் அளக்கச் சொல்லுங்கள். கடைந்த பிறகு அந்த அளவுக்கு மேலே நிற்காது என்றால் இரண்டு பக்கமும் ஜோடியாகப் புது டிஸ்க் வாங்குங்கள், பேடும் புதியதாகவே போடுங்கள்.