உங்கள் மகனின் வேலை பெருநகரின் எந்தப் பகுதியில் இருக்கிறது?

அன்புள்ள அம்மா,

மகன் வணிகவியல் முடிக்கப்போகிறான், நகரத்துக்கு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது, அங்கேயே குடிபெயர்ந்தால்தான் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெருநகரம் சுற்றியுள்ள ஊர்களுக்கும் வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. அந்தப் பங்கீட்டில் அவன் படிப்புக்குரிய வேலை எங்கே விழுகிறது என்று முதலில் பாருங்கள்.

பெரும்பாலும் நில விலைதான் இதைத் தீர்மானிக்கிறது. நடுநகர வாடகையைத் தாங்குவது வங்கித் தலைமையகம், சட்ட நிறுவனம், தணிக்கை நிறுவனம் போன்றவை. நாலு பேர் நேரில் உட்கார்ந்து பேசி முடிக்கும் தொழில்கள் அவை. தொழிற்சாலைக்கும் கிடங்குக்கும் லாரி வந்து திரும்ப இடம் வேண்டும், அதனால் நெடுஞ்சாலையோரம் போய்விடுகின்றன. டோக்கியோவின் நடுவிலுள்ள சியோடா பகுதியில் 2015 கணக்கெடுப்பின்படி குடியிருந்தவர்கள் ஏறத்தாழ 58,000 பேர். பகலில் அங்கே இருந்தவர்களோ சுமார் 8.5 லட்சம் பேர். இப்படி வெளியிலிருந்து வருகிறவர்களின் வீட்டருகே பள்ளி, மருத்துவமனை எல்லாம் வேண்டுமல்லவா? ஆகவே நர்ஸும் ஆசிரியரும் எலக்ட்ரீஷியனும் வேலைக்காக நகரத்துக்கு ஓட வேண்டியதில்லை.

உங்கள் மகனின் துறைதான் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. தணிக்கையும் நிதி ஆலோசனையும் நடுநகரில். பில் சரிபார்ப்பு, சம்பளப் பட்டியல், கிடங்கு இருப்புக் கணக்கு ஆகியவை வாடகை குறைந்த புறநகர்க் கட்டடங்களில். புறநகர் வேலை மட்டம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கிளையை நடத்துவதா மூடுவதா என்ற முடிவு தலைமையகத்தில்தான் எடுக்கப்படும். மூடினால் பக்கத்தில் அதே வேலைக்கு வேறு நிறுவனம் இல்லாமல் போகலாம். ஒரே தொழில் ஓரிடத்தில் குவிந்தால் அந்தத் திறமைக்கு அங்கே நிலையான சந்தை இருக்கும் என்று பொருளியல் அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-லேயே எழுதினார். எனவே முதல் வேலைக்கு அருகில் வீடு தேடாதீர்கள். இரண்டாவது வேலை கிடைக்கக்கூடிய இடத்துக்குச் சுலபமாகப் போய்வர முடிகிறதா என்று பாருங்கள்.

வரைபடத்தை நம்பி இதை முடிவு செய்ய முடியாது. பல பெருநகரங்களில் ரயில் பாதைகள் நடுவிலிருந்து கிளை பிரிகின்றன. ஒரு புறநகரிலிருந்து 15 கி.மீ. தள்ளியிருக்கும் இன்னொரு புறநகருக்குப் போக, நடுநகருக்கு வந்து வண்டி மாற வேண்டியிருக்கும். பாரிஸ் இதற்காகவே புறநகர்களை ஒன்றோடொன்று இணைக்கும் சுமார் 200 கி.மீ. மெட்ரோ பாதைகளை அமைத்துவருகிறது.

வேலை விளம்பரத்திலும் கவனம் தேவை. நகரத்தின் பெயர் பெரிதாக இருக்கும், பணியிடம் 40 கி.மீ. தள்ளி இருக்கும். "தினமும் எந்த அலுவலகத்துக்கு வர வேண்டும்? இடமாற்றம் உண்டா?" என்று நேர்காணலில் கேட்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள், ஏனென்று தெரியவில்லை.

குடும்பத்தோடு இடம் மாறுவது இப்போது வேண்டாம். நடுநகரத் தணிக்கை நிறுவனங்களுக்கு அவன் விண்ணப்பிக்கட்டும். வேலை கிடைத்தால் சில மாதம் ரயிலில் போய்வரட்டும். பிறகு சந்திப்பு நிலையம் ஒன்றின் அருகே அறை வாடகை விசாரியுங்கள். சம்பளத்திலிருந்து ரயில் பாஸைக் கழித்தால் எவ்வளவு மிஞ்சுகிறது, அறை வாடகையைக் கழித்தால் எவ்வளவு என்று எழுதிப் பாருங்கள். வித்தியாசம் சிறியதாக இருந்தால் நான் அறையைத்தான் தேர்ந்தெடுப்பேன். தொழில்முறைத் தேர்வுக்குப் படிக்க அவனுக்கு மாலை நேரம் வேண்டும்.