இல்லினாயின் கலீனா: நீராவிக் கப்பல்கள் வந்த ஊர் இன்று சிற்றூராக இருப்பது ஏன்?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஜோ டேவிஸ் கவுண்டியின் தலைநகரான கலீனாவில் இன்று வசிப்போர் சுமார் 3,300 பேர்தான். 1860 கணக்கெடுப்பிலோ அந்த எண்ணிக்கை 8,000-ஐத் தாண்டியிருந்தது. இந்தச் சரிவுக்குக் காரணம் என்ன? ஆற்றைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

பூர்வகுடிகள் முன்பே தோண்டிவந்த ஈயத்தைத் தேடி, 1820களில் குடியேறிகள் இங்கே குவிந்தனர். 1840களில் நாட்டின் ஈயத்தில் பெரும்பங்கு இவ்வட்டாரச் சுரங்கங்களிலிருந்தே கிடைத்தது. அது கலீனா ஆற்றின் வழியாக, சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள மிசிசிப்பிக்குக் கப்பலில் சென்றது. ஆனால் ஈயத்தை உருக்கும் உலைகளுக்காகக் குன்றுகளின் மரங்களை வெட்டியதால் மண் அரித்து ஆற்றில் படிந்து, கப்பல் மிதந்த நீர்வழி தூர்ந்துபோனது. ஊரை வளர்த்த தொழிலே துறைமுகத்தையும் மூடியது என்பேன். 1854இல் ரயிலும் வந்துவிட, ஆற்றுவழி வணிகம் மங்கியது.

பனியுகத்துப் பனிப்பாறைகள் மழித்துச் சமப்படுத்தாத நிலம் என்பதால், கடைவீதி ஆற்றை ஒட்டியும் வீடுகள் செங்குத்தான சரிவின் மேலும் அமைந்தன. இரண்டையும் நீண்ட படிக்கட்டுகள் இணைக்கின்றன. தாழ்வான கடைவீதியை வெள்ளத்திலிருந்து காக்க 1951இல் வெள்ளத்தடுப்புக் கதவுகள் அமைக்கப்பட்டன.

பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான யுலிசிஸ் கிராண்ட், 1860இல் தந்தையின் தோல்கடையில் வேலை பார்க்க வந்தது இவ்வூருக்குத்தான். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து 1865இல் அவர் திரும்பியபோது ஊர்ப் பிரமுகர்கள் அவருக்கு ஒரு செங்கல் வீட்டைப் பரிசளித்தனர். அது இன்றும் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது.