கருவும் மறதியும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் தளத்தில் வரும் அறிவியல் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். என் அம்மாவுக்கு 81 வயது. ஆறு ஆண்டுகளாக அல்சைமர் நோயில் இருக்கிறார். இப்போதெல்லாம் என்னைத் தன் தம்பி என்று எண்ணிக்கொண்டு பேசுகிறார். என் அண்ணன் மகள் பெங்களூரில் பழ ஈயின் சிறகு எப்படி உருவாகிறது என்று ஆராய்ச்சி செய்கிறாள். சென்ற மாதம் கருவளர்ச்சி, நரம்புச் சிதைவு நோய்கள் ஆகிய இரண்டையும் சேர்த்து நடத்தப்பட்ட ஒரு கருத்தரங்குக்காக வெளிநாடு போய் வந்தாள். செலவு அரசு நிதியிலிருந்து. உயிர் தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன். அவள் சொன்னது எனக்குப் பிடிபடவில்லை. கட்டுரைகளை வீட்டிலிருந்தே படிக்க முடிகிற காலத்தில், இவர்கள் விமானம் ஏறிப் போய் ஓரிடத்தில் கூடுவது எதற்கு? இதனால் என் அம்மாவைப் போன்றவர்களுக்கு ஏதாவது உண்டா? கோபத்தில் கேட்கவில்லை, புரிந்துகொள்ளவே கேட்கிறேன்.

தங்கள் வாசகர்,
தஞ்சாவூர்

அன்புள்ள ஐயா,

உங்கள் அண்ணன் மகள் பார்க்கும் சிறகிலிருந்தே தொடங்குகிறேன். 1910-களில், நியூயார்க்கில் மரபியல் அறிஞர் டி.எச். மார்கனின் ஆய்வகத்தில், சிறகின் ஓரம் வெட்டுப்பட்டதுபோல் இருந்த சில பழ ஈக்கள் கண்ணில் பட்டன. அந்தக் குறைக்குக் காரணமான மரபணுவுக்கு, வெட்டு என்ற பொருளில், நாட்ச் என்று பெயர் வைத்தார்கள். அந்த மரபணு முழுவதும் இல்லாத கரு பிழைப்பதே இல்லை. ஏன் என்று 1930-களின் இறுதியில் டொனால்ட் பௌல்சன் ஆராய்ந்தபோது, அந்தக் கருக்களில் தோலாக வேண்டிய செல்களும் நரம்புச் செல்களாகவே மாறியிருந்தன. அதாவது, ஒரு செல் நரம்பாகத் தொடங்கியதும் பக்கத்துச் செல்லிடம் ‘நீ வேண்டாம்’ என்று சொல்லித் தடுக்கிறது. அந்தச் சொல்லைக் கேட்கும் காதுதான், அந்த மரபணு உருவாக்கும் நாட்ச் புரதம். ஈயில் மட்டுமல்ல, புழுவிலும் எலியிலும் நம்மிலும் கரு உருவாகும்போது இந்த உரையாடல் ஓயாமல் நடக்கிறது.

இதற்குச் சற்றும் தொடர்பில்லாமல், இளம் வயதிலேயே அல்சைமர் வரும் குடும்பங்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள் 1995-இல் பிரசெனிலின் என்னும் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதில் பிழை இருந்தால் நாற்பது, ஐம்பது வயதிலேயே நினைவு போகத் தொடங்குகிறது. ஆனால் அந்த மரபணு உடலில் என்ன வேலை செய்கிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அதே ஆண்டு, ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழு முட்டையிடும் உறுப்பு உருவாவதை ஆராய்ந்துகொண்டிருந்த டயான் லெவிட்டனும் ஐவா கிரீன்வால்டும், புழுவில் நாட்ச் ஒழுங்காக வேலை செய்வதற்குத் துணை நிற்கும் ஒரு மரபணுவைக் கண்டார்கள். அது பிரசெனிலினின் உடன்பிறப்பு. பிறகு, அந்த மரபணு கெட்டுப்போன புழுவுக்குள் மனிதப் பிரசெனிலினை வைத்துப் பார்த்தார்கள். புழுவின் குறை நீங்கியது. நோயாளிக் குடும்பங்களில் காணப்பட்ட பிழையுள்ள வடிவத்தை வைத்தபோது அது அந்த அளவுக்கு நீங்கவில்லை. நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்தவர்களுக்குக் கிடைக்காத விடை ஒரு புழுவின் கருப்பையோரத்தில் கிடைத்தது என்பதை நான் படித்த நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

பிரசெனிலின் மரபணு உருவாக்கும் புரதம் ஒரு கத்தரி. செல்லின் சவ்வுக்குள் இருந்துகொண்டு சில புரதங்களை வெட்டுகிறது. நாட்ச்சை அது வெட்டினால்தான் அதன் வால் பிரிந்து செல்லின் உட்கருவுக்குள் போய்ச் செய்தி சொல்லும். அதே கத்தரி இன்னொரு புரதத்தை வெட்டும்போது விழும் துண்டுதான், அல்சைமர் மூளையில் கட்டிகட்டியாகப் படியும் அமிலாய்டு. 1999 வாக்கில் இது தெளிவாகிவிட்டது. இப்போது யோசித்துப் பாருங்கள்: அமிலாய்டைக் குறைக்க வேண்டுமென்று அந்தக் கத்தரியை மழுங்கடித்தால், நாட்ச்சும் சேர்ந்து முடங்குமல்லவா? செமகசெஸ்டாட் என்ற மருந்து அப்படித்தான் கத்தரியைத் தடுத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த சோதனை 2010-இல் நிறுத்தப்பட்டது. மருந்தை உட்கொண்டவர்களின் நினைவாற்றல், வெற்று மாத்திரை உட்கொண்டவர்களைவிட மோசமானது; தோல் புற்றுநோயும் அதிகம் வந்தது. தோலை ஒழுங்காக வைத்திருப்பதில் நாட்ச்சுக்குப் பங்குண்டு என்பது கருவளர்ச்சி ஆய்வாளர்களுக்குப் பழைய செய்தி. கருவைப் படிப்பவரும் முதுமையைப் படிப்பவரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேச வேண்டும் என்பதற்கு இதைவிட வலிய காரணம் எனக்குத் தெரியாது.

இன்னும் உண்டு. குழந்தை மூளையில் தேவைக்கு மேல் உருவாகும் நரம்பிணைப்புகளை, நோயெதிர்ப்பு மண்டலத்தின் ஒரு புரதம் அடையாளமிட, மூளையின் துப்புரவுச் செல்களான மைக்ரோகிளியா தின்று ஒழிக்கின்றன என்பது எலிகளில் தெரிந்தது. அல்சைமர் ஆய்வுக்கு மாதிரியாக வளர்க்கப்படும் எலிகளில் இதே களையெடுப்பு வேண்டாத காலத்தில் மறுபடி தொடங்குகிறது என்று 2016-இல் பெத் ஸ்டீவன்ஸின் குழு காட்டியது.

உங்கள் இரண்டாவது கேள்வி, ஏன் நேரில் கூட வேண்டும் என்பது. இதற்கு ஹண்டிங்டன் நோயின் கதையைத்தான் சொல்ல வேண்டும். நடுவயதில் கைகால்கள் கட்டுப்பாடின்றி ஆடத் தொடங்கி, பிறகு அறிவும் குலையும் பரம்பரை நோய் அது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. 1968-இல், அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் மில்டன் வெக்ஸ்லர் தம் முன்னாள் மனைவிக்கு அந்த நோய் என்று அறிந்தார். இரண்டு மகள்களுக்கும் வரலாம். அவர் ஓர் அறக்கட்டளை தொடங்கி, இளம் விஞ்ஞானிகளைச் சிறு குழுக்களாக அழைத்துப் பேச வைத்தார். தயாரித்து வந்த உரைகளுக்கு அங்கே இடமில்லை. நோயாளி ஒருவரை முதலில் அறைக்குள் அழைத்து வந்து பேச வைத்த பிறகு விவாதத்தைத் தொடங்கும் வழக்கமும் இருந்தது. மேசையைச் சுற்றி இருந்தவர்களில் பலர் ஈயையும் ஈஸ்ட்டையும் வைரஸையும் படித்தவர்கள். நடுங்கும் ஒரு கையைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து யோசிப்பது வேறு, அச்சிட்ட கட்டுரையைப் படித்துவிட்டு யோசிப்பது வேறு.

அப்படிப்பட்ட பேச்சுகளின் ஊடே, 1979-இல், அப்போதுதான் பிறந்திருந்த ஒரு கருத்து இந்த நோயின் பக்கம் திருப்பப்பட்டது: டி.என்.ஏ.வில் ஆளுக்கு ஆள் மாறும் இடங்களை அடையாளக் கற்களாக வைத்துக்கொண்டு நோய் மரபணு இருக்கும் இடத்தைத் தேடலாம். மகள் நான்சி வெக்ஸ்லர் வெனிசுவேலாவில் மராகைபோ ஏரிக்கரைக்குப் போய், தலைமுறை தலைமுறையாக அந்த நோய் ஓடும் பெரிய குடும்பங்களிடம் ரத்தம் சேகரித்தார். 1983-இல் ஜேம்ஸ் குசெல்லாவின் குழு நான்காம் குரோமோசோமில் அப்படியோர் அடையாளக் கல்லைக் கண்டது. மரபணுவையே கைப்பற்ற மேலும் பத்தாண்டுகள் ஆயின. 1993-இல் வெளியான அந்தக் கட்டுரையை ஆறு ஆய்வுக் குழுக்களைச் சேர்ந்த 58 பேர் சேர்ந்து எழுதினார்கள். ஒருவரோடொருவர் போட்டி போட்டிருக்க வேண்டியவர்களை ஒன்றாகக் கட்டி வைத்தது அந்தக் கூட்டங்கள் என்றே நான் நினைக்கிறேன். 2020-இல் நான்சி தமக்கும் அந்த நோய் இருப்பதை வெளியே சொன்னார்.

அதே 2020-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், ஹண்டிங்டன் பிழையைச் சுமந்த 13 வார மனிதக் கருக்களின் மூளையிலேயே மாற்றங்கள் இருப்பதைக் காட்டினார்கள். நாற்பது வயதில் தெரியும் நோயின் முதல் தடம் தாயின் வயிற்றிலேயே விழுந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை மையம் 2024-இல் வெளியிட்ட, 5,132 வெட்டுத் துண்டுகள் கொண்ட கருமூளை வரைபடத்தை இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். இயல்பான கருமூளை எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே பிழையை அடையாளம் காண முடியும்?

எல்லாக் கருத்தரங்குகளையும் நான் ஆதரிக்கவில்லை. நட்சத்திர விடுதியில் பணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் வழங்கும் ‘உலக மாநாடு’கள் ஏராளம், அவற்றுக்கு அரசுப் பணம் போவது அநியாயம். ஆனால் கார்டன் ஆய்வு மாநாடுகள் போன்றவற்றின் முறை வேறு. அங்கே சொல்வதை யாரும் மேற்கோள் காட்டக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. அந்தப் பாதுகாப்பு இருப்பதால்தான் முடியாமல் போன சோதனைகளையும் வெளிவராத முடிவுகளையும் மனம் விட்டுச் சொல்கிறார்கள். பிற்பகல் முழுவதும் நடக்கவும் பேசவும் விட்டுவிடுகிறார்கள்.

ஒருமுறை பார்வையாளராக, ஆய்வுகளைப் படங்களாக ஒட்டி வைத்து விளக்கும் ஒரு போஸ்டர் அரங்கில் நின்றிருந்தேன். ஆராய்ச்சி மாணவி ஒருத்தி இரண்டு சிறகுப் படங்களை ஒட்டி வைத்திருந்தாள். ஒன்றின் ஓரம் முழுசாக, மற்றொன்றில் கடித்ததுபோல் ஒரு வெட்டு. வயதான நரம்பியல் மருத்துவர் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். “இந்த ஈக்கள் கிழமானால் என்ன செய்கின்றன?” என்று கேட்டார். சிறகு விரிந்ததும் படம் எடுத்துவிட்டு எறிந்துவிடுவோம் என்றாள் அவள். “ஐம்பது நாள் வைத்திருந்து, குழாய்ச் சுவரில் ஏற முடிகிறதா என்று பாருங்கள்” என்றார். அவள் போஸ்டரின் ஓரத்திலேயே பேனாவால் எழுதிக்கொண்டாள்.

உங்கள் அம்மாவைப் பற்றி நேராகவே சொல்கிறேன். அமிலாய்டை அகற்றும் புதிய மருந்துகளில் ஒன்றான லெகனெமாப் 2023-இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்றது. அது நோயின் தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கானது. சரிவைச் சற்று மெதுவாக்குகிறது, நிறுத்துவதில்லை. ஆறு ஆண்டுகள் கடந்த நிலையில் உங்கள் அம்மாவுக்கு அந்தக் கருத்தரங்கிலிருந்து எதுவும் வந்து சேராது. உங்களைத் தம்பி என்று அவர் அழைக்கும்போது திருத்தாமல் தம்பியாகவே பதில் சொல்லுங்கள் என்பது மட்டுமே நான் சொல்லக்கூடியது. அதையும் நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பீர்கள்.

1906 நவம்பர் 3 அன்று ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் மனநல மருத்துவர்களின் கூட்டம் ஒன்று நடந்தது. பெயர் என்ன என்று கேட்டால் ஆகஸ்டே என்றும், கணவர் பெயர் என்ன என்று கேட்டாலும் ஆகஸ்டே என்றும் சொன்ன ஒரு பெண்ணின் நோயையும், இறந்த பிறகு அவர் மூளையில் தாம் கண்டவற்றையும் அலாய்ஸ் அல்சைமர் அங்கே எடுத்துரைத்தார். உரை முடிந்ததும் அவையில் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுத்த பேச்சாளரை அழைத்துவிட்டார்கள்.

உங்கள் அண்ணன் மகள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, அவளுடைய போஸ்டர் முன்னால் நின்று யார் என்ன கேட்டார்கள் என்று விசாரியுங்கள். முடிந்தால் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.