போவது ஹைட்ரஜனா, தண்ணீரா?

கேள்வி: ‘டீஹைட்ரஜனேஷன்’, ‘டீஹைட்ரேஷன்’ இரண்டும் ஒன்றுதானா? பிளஸ் டூ படிக்கும் என் மகள் குழம்புகிறாள்.

பதில்: ஒன்றல்ல. முன்னது ஹைட்ரஜன் நீக்கம். மூலக்கூறிலிருந்து இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் வெளியேறும். பின்னது நீர் நீக்கம்.

எத்தனால் ஆவியை 300 டிகிரி செல்சியஸில் சூடான தாமிரத்தின் மேல் செலுத்தினால் அசிட்டால்டிஹைடு கிடைக்கும். 46 கிராம் எத்தனால் முழுவதும் மாறினால் 44 கிராம் அசிட்டால்டிஹைடு, 2 கிராம் ஹைட்ரஜன். ஆக்சிஜன் தேவையே இல்லை. ஆனாலும் மூலக்கூறு ஹைட்ரஜனை இழப்பதால் இது ஆக்சிஜனேற்றம்தான். பலர் தடுமாறும் இடம் இது. அசிட்டால்டிஹைடு சுமார் 20 டிகிரியிலேயே கொதித்துவிடும். சேகரிக்கும் குடுவையைப் பனிக்கட்டியில் வைக்காவிட்டால் ஆவியாகப் போய்விடும். வினை வெப்பத்தை உறிஞ்சுவது, அதனால் சூடு குறைந்தால் விளைச்சலும் குறையும். அதற்காக அளவுக்கு மீறிச் சூடேற்றினால் தாமிரத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பரப்பு குறைந்து, வினையை விரைவுபடுத்தும் வினையூக்கியான தாமிரம் செயலிழக்கும்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இதே முறையில் அசிட்டோன் தரும். மூவிணைய பியூட்டைல் ஆல்கஹாலில் மட்டும் கதை வேறு: ஹைட்ராக்சில் (OH) தொகுதி இருக்கும் கார்பனில் ஹைட்ரஜனே கிடையாது. எனவே தண்ணீர்தான் வெளியேறும், ஐசோபியூட்டிலீன் உருவாகும். தேர்வில் அந்தக் கார்பனை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.